கல் மீண்டும் பாடியது: வானொலியில் குறைகடத்தியின் கதை

ஒரு கருவியின் உள்ளே மறைந்திருக்கும் சிற்றுறுப்பின் பெயரே அக்கருவி முழுமைக்கும் பெயராகிவிடுவது அரிது. மாட்டு வண்டியை எவரும் அச்சாணி என்று அழைப்பதில்லை. கடிகாரத்தைச் சுருள்வில் என்று கூறுவதில்லை. ஆனால், கையில் தூக்கிச் செல்லத்தக்க சிறு வானொலிப் பெட்டியை நம் மக்கள் 'டிரான்சிஸ்டர்' என்றே அழைத்தனர். தோட்டப்புறத்து லயங்களின் தாழ்வாரத்தில் ஆணியில் தொங்கியபடி பாடிக்கொண்டிருந்த அப்பெட்டிக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை.

அப்பெயரைச் சொன்னவர்கள் எண்ணிலர். அது எதன் பெயர் என்பதை அறிந்தவர்களோ மிகச் சிலர். அறிவியல் பயிலாதவர்க்கும் விளங்குமாறு அதன் வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வரலாறு 1947ஆம் ஆண்டில் தொடங்குவதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், அதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் முன்னரே அது ஒரு கல்லில் தொடங்கிவிட்டது. கைவிடப்பட்ட அக்கல்தான் பின்னர் வேறு வடிவில் மீண்டு வந்தது.

வானொலியின் முதற்செவி

வானொலி நிலையம் பரப்பும் அலையை ஒரு வண்டி என்று கொள்வோம். குரலும் இசையும் அதில் ஏற்றப்பட்ட சரக்கு. மத்திய அலையில் ஒலிபரப்பும் நிலையத்தின் அலை ஒரு நொடியில் ஐந்து இலட்சம் முறைக்கு மேலாக, ஏறத்தாழப் பதினாறு இலட்சம் முறை வரை, மேலும் கீழும் துடிக்கிறது. பேசுபவரின் குரல் அதிர்வதற்கேற்ப அத்துடிப்பின் உயரம் கூடியும் குறைந்தும் வருகிறது.

இவ்வலை வான்கம்பியில் பட்டதும் அதில் மெல்லிய மின்னோட்டம் எழுகிறது. அதனை அப்படியே காதொலிக் கருவிக்குள் செலுத்தினால் ஒன்றும் கேளாது. முன்னே ஒரு தள்ளு, உடனே பின்னே ஓர் இழுப்பு. ஒன்றை மற்றொன்று அழித்துவிடும். எதிர்த்திசை ஓட்டத்தைத் தடுத்து, ஒரு திசை ஓட்டத்தை மட்டும் விட்டால், தள்ளுகள் மட்டுமே எஞ்சும். அத்தள்ளுகளின் ஏற்றத்தாழ்வே குரலின் வடிவம். ஆகவே, வானொலிப் பெட்டிக்கு முதலில் வேண்டியது மின்னோட்டத்திற்கான ஓர் ஒருவழிக் கதவு. வண்டியிலிருந்து சரக்கை இறக்குவது அதுவே.

அக்கதவு ஒரு கல்லில் இருந்தது. 1874ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன், சில உலோகத் தாதுக்கற்களைக் கம்பி முனையால் தொட்டால், மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் பாய்வதைக் கண்டார். அப்போது வானொலியே இல்லை. கண்டுபிடிப்பு பயனின்றிக் கிடந்தது. அதனை வானொலி அலைக்கு உரிய செவியாக்கிய முன்னோடிகளுள் தலையாயவர் வங்காள அறிஞர் ஜகதீச சந்திர போஸ். கலீனா எனும் ஈயத் தாதுக்கல்லைக் கொண்டு அவர் அமைத்த அலைகாணும் கருவிக்கு 1901இல் விண்ணப்பித்து, 1904 மார்ச் 29இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்தியால் ஆன கருவிக்கு உலகில் வழங்கப்பெற்ற முதற் காப்புரிமை அதுவே என்பர். 1906இல் அமெரிக்கரான கிரீன்லீஃப் பிக்கார்ட், சிலிக்கான் படிகத்தால் ஆன கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

1920களில் வானொலி ஒலிபரப்பு பரவியபோது, எளிய மக்களின் பெட்டி இந்தக் கல் வானொலிதான். ஒரு கம்பிச்சுருள், ஒரு கலீனாத் துண்டு, அதன்மேல் மெல்ல அழுந்தும் 'பூனைமீசை' எனும் நுண்கம்பி, ஒரு காதொலிக் கருவி ஆகியவையே அதன் உறுப்புகள். மின்கலம் கூட வேண்டா. நிலையத்திலிருந்து வந்த அலையின் ஆற்றலே காதில் ஒலித்தது.

ஆயினும், அக்கல்லுக்குக் குறைகள் உண்டு. அதன் மேற்பரப்பில் எல்லா இடமும் ஒலி தராது. நல்ல இடத்தைக் கம்பி முனையால் தேடித் தேடித்தான் காண வேண்டும். மேசையைச் சற்று அசைத்தாலும் அவ்விடம் தவறிவிடும். வந்த ஒலியைப் பெருக்கிக் காட்டும் வல்லமையும் அதற்கில்லை. ஒருவர் மட்டுமே, அதுவும் நிலையத்திற்கு அருகிலிருந்தால் மட்டுமே கேட்கலாம். கல் ஏன் அவ்வாறு இயங்குகிறது என்பது அந்நாளில் எவர்க்கும் தெளிவாகத் தெரியாது. தெரியாத ஒன்றைத் திருத்துவது எங்ஙனம்?

கண்ணாடிக் குழாயின் ஆட்சி

கல்லின் இடத்தைக் கண்ணாடிக் குழாய் பிடித்தது. 1904இல் இங்கிலாந்தின் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங், காற்று நீக்கப்பட்ட குழாய்க்குள் சூடேறிய இழை ஒன்றை அமைத்து, ஒருவழிக் கதவை உண்டாக்கினார். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாவது உறுப்பாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அவ்வலையில் தோன்றும் சிறு மின்னழுத்த மாற்றம், குழாய்க்குள் பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியது. மெல்லிய ஒலியை உரத்த ஒலியாக்கும் வழி பிறந்தது. மக்கள் 'வால்வு' என்று வழங்கிய அக்குழாய், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வானொலி உலகை ஆண்டது.

அதன் ஆட்சி செலவு மிகுந்த ஆட்சி. இழையைச் சூடேற்றவே மின்னாற்றலில் பெரும்பங்கு போயிற்று. தூக்கிச் செல்லும் வால்வுப் பெட்டிகளுக்கு இழையைச் சூடாக்க ஒரு மின்கலமும், குழாய்க்குள் ஓட்டத்தைச் செலுத்த 67 அல்லது 90 வோல்ட் கொண்ட மற்றொரு பெரிய மின்கல அடுக்கும் தேவைப்பட்டன. திருகியவுடன் பாடாது, சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். குழாய் உடையும், இழை அறுந்துபோகும்.

மலாயாவின் தோட்டங்களில் இதன் பொருள் யாது? மின்சாரம் துரையின் பங்களாவுக்கு வந்தது, ஆலைக்கு வந்தது, பல லயங்களுக்கு வரவில்லை. மின்சாரம் இல்லாத வீட்டில் வால்வு வானொலி வெறும் மரப்பெட்டியே. 1949இல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தொடங்கிய ரெடிஃப்யூஷன் கம்பிவழி ஒலிபரப்பு நகர மக்களுக்கே எட்டியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அரசாங்கம் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிகளை நிறுவியது. ஊர் கூடிக் கேட்டது. எனினும், எந்த நிலையத்தைக் கேட்பது, எப்போது கேட்பது என்பதைத் திருகுபவரே முடிவு செய்தார், கேட்பவர் அல்லர். தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்து கேட்கும் உரிமை, மின்கம்பி சென்ற வழியே மட்டும் சென்றது.

அரைகுறையாய்க் கடத்தும் பொருள்

இனி, கைவிடப்பட்ட கல்லிடம் திரும்புவோம். செம்பு, வெள்ளி போன்றவை மின்சாரத்தை எளிதில் கடத்துபவை, அவை கடத்திகள். கண்ணாடி, இரப்பர் போன்றவை கடத்தாதவை, அவை காப்பிகள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை சிலிக்கான், ஜெர்மானியம் முதலியவை. இவற்றைக் குறைகடத்திகள் என்கிறோம். குறை என்று பெயரில் இருப்பினும், அக்குறையே இவற்றின் நிறை. ஏனெனில், இவற்றின் கடத்துதிறனை நாம் விரும்பியவாறு கூட்டலாம், குறைக்கலாம்.

சிலிக்கான் அணுவின் வெளிப்புறத்தில் நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன. ஒவ்வோர் அணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களோடு அவற்றைப் பகிர்ந்து கைகோத்து நிற்கிறது. எல்லாக் கைகளும் கோக்கப்பட்டிருப்பதால், ஓடித் திரிய எலக்ட்ரான் ஏறக்குறைய இல்லை. இத்தூய படிகத்தில் பாஸ்பரஸ் அணுக்களை மிகச் சிறிதளவு கலந்தால் என்னாகும்? பாஸ்பரஸுக்கு ஐந்து எலக்ட்ரான்கள். நான்கு கைகோத்தபின் ஒன்று மிஞ்சும். அது படிகத்துள் உலவித் திரியும். இது 'என்' வகை. மாறாக, மூன்றே எலக்ட்ரான்கள் உடைய போரான் அணுக்களைக் கலந்தால், ஓர் இடம் வெற்றிடமாகும். அதற்குத் துளை என்று பெயர். இது 'பி' வகை.

துளை எவ்வாறு நகரும் என்று ஐயுறலாம். திரைப்படக் கொட்டகையில் ஒரு வரிசை நாற்காலிகளில் இடக்கோடியில் மட்டும் ஓர் இருக்கை காலியாக உள்ளது. அருகிலிருப்பவர் அதற்கு மாறுகிறார்; அவர் விட்ட இருக்கைக்கு அடுத்தவர் மாறுகிறார். ஆட்கள் ஒவ்வொருவராக இடப்புறம் நகர, காலி இருக்கை வலப்புறம் நகர்ந்துகொண்டே போகிறது. துளையின் ஓட்டமும் அத்தகையதே.

ஒரே படிகத்தில் 'பி' பகுதியும் 'என்' பகுதியும் அடுத்தடுத்து அமைந்தால், அவை கூடும் எல்லையில் ஒருவழிக் கதவு தானே பிறக்கிறது. மின்கலத்தின் நேர்முனையைப் 'பி' பக்கமும் எதிர்முனையை 'என்' பக்கமும் இணைத்தால், துளைகளும் எலக்ட்ரான்களும் எல்லையை நோக்கி விரைந்து ஒன்றையொன்று சந்திக்கின்றன, மின்சாரம் பாய்கிறது. முனைகளை மாற்றி இணைத்தால், இரண்டும் எல்லையை விட்டு விலகுகின்றன, கதவு சாத்திக்கொள்கிறது. இதுவே டையோடு. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரசல் ஓல், 1940இல் விரிசல் கண்ட ஒரு சிலிக்கான் துண்டின்மேல் ஒளிபட்டபோது வியத்தகு மின்னழுத்தம் எழுவதைக் கண்டு ஆராய்ந்தபோது, இவ்வெல்லை வெளிப்பட்டது. பிரௌனும் போஸும் கண்ட ஒருவழிப் பாய்ச்சலுக்கும், கம்பி முனையும் கல்லும் தொடும் இடத்தில் உண்டாகும் இத்தகைய எல்லையே காரணம். இடத்துக்கு இடம் கல் மாறுபட்டதன் காரணமும் புரிந்தது: இயற்கைக் கல்லில் அயற்பொருள்கள் கணக்கின்றிக் கலந்திருந்தன.

இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிகளுக்கு மிக விரைந்த துடிப்புகளை உணரும் செவி வேண்டியிருந்தது. வால்வுகள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. மறக்கப்பட்ட கல்லே ஈடுகொடுத்தது. அதனால் சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் தூய்மையாக்கும் கலை விரைந்து வளர்ந்தது. பின்னர், 1950களின் தொடக்கத்தில், வில்லியம் ஃபான் என்பவர் வகுத்த முறையால், ஆயிரம் கோடி அணுக்களுக்கு ஓர் அயலணு என்னும் அளவுக்கு ஜெர்மானியம் தூய்மை பெற்றது. முதலில் முற்றத் தூய்மையாக்குவது. பின்பு அளந்து கலப்பது. குறைகடத்திக் கலையின் சாரம் இதுவே.

1947 டிசம்பர்

கல் கதவாகும் என்பது தெரிந்தது. அது பெருக்கியும் ஆகுமா? நியூ ஜெர்சி மாநிலத்தின் பெல் ஆய்வுக்கூடத்தில், வில்லியம் ஷாக்லியின் தலைமையில் இயங்கிய குழு இவ்வினாவை ஆராய்ந்தது. கோட்பாட்டில் வல்லவர் ஜான் பார்டீன்; கைவினையில் தேர்ந்தவர் வால்டர் பிராட்டெயின். முக்கோண வடிவ நெகிழித் துண்டின் விளிம்பில் மெல்லிய தங்கத்தகட்டை ஒட்டி, அதன் நுனியைச் சவரக் கத்தியால் பிளந்து, ஒரு மயிரிழை இடைவெளியில் இரு தங்க முனைகளை உண்டாக்கினார் பிராட்டெயின். அவ்விரு முனைகளும் ஒரு ஜெர்மானியப் படிகத்தின்மேல் அழுந்துமாறு சுருள்வில்லால் அமைத்தனர். 1947 டிசம்பர் 16ஆம் நாள் அக்கருவி பெருக்கத் தொடங்கியது. 23ஆம் நாள் மேலதிகாரிகளின் முன்னிலையில் பேசிக் காட்டினர். பேச்சு பெருகி ஒலித்தது. இரு பூனைமீசைகளைக் கொண்ட கல் வானொலி என்று அதனைச் சொன்னால் பெரிதும் தவறாகாது.

அக்குழுவின் தலைவரான ஷாக்லிக்கு இவ்வெற்றியில் நேரடிப் பங்கில்லை. அது அவரை வாட்டியது. அவ்வாட்டமே அவரைத் தனியே சிந்திக்கத் தூண்டிற்று. ஒரு மாதத்திற்குள், தங்க முனைகள் வேண்டாத, மூன்று அடுக்குப் படிகமே போதுமான மற்றொரு வகையை அவர் கருத்தளவில் வகுத்துவிட்டார். 1951இல் அறிவிக்கப்பெற்ற அந்தச் சந்தி டிரான்சிஸ்டரே உலகெங்கும் பரவியது. 1956ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

டிரான்சிஸ்டர் என்று பெயரிட்டவர் அதே கூடத்தைச் சேர்ந்த ஜான் பியர்ஸ். தமிழில் 'திரிதடையம்' என்ற சொல்லும் ஆக்கப்பட்டது. 1948 ஜூன் 30இல் இச்செய்தியைச் செய்தியாளர்க்கு அறிவித்தபோது, வால்வே இல்லாத வானொலி ஒன்றையும் இயக்கிக் காட்டினர். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், வானொலிச் செய்திகளின் கடைசியில் ஒரு சிறு குறிப்பாக அதனை வெளியிட்டது. நூற்றாண்டின் பெருஞ்செய்தி அவ்வளவில் அடங்கிற்று!

மதகும் வாய்க்காலும்

சந்தி டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள்: உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான். இரண்டு 'என்' பகுதிகளுக்கு நடுவே மிக மெல்லிய ஒரு 'பி' பகுதியை வைத்தால் ஒரு வகை. இரண்டு 'பி' பகுதிகளுக்கு நடுவே 'என்' பகுதியை வைத்தால் மற்றொரு வகை.

ஏரியும் வாய்க்காலும் மதகும் நாம் அறிந்தவை. ஏரியின் பெருநீர் பாய்வதும் நிற்பதும் மதகைப் பொறுத்தது. மதகைச் சற்றே உயர்த்தவும் தாழ்த்தவும் ஒருவரின் கைவலிமை போதும். உமிழ்ப்பானிலிருந்து ஏற்பானுக்குப் பாய்வது வாய்க்கால் நீர். நடுவிலுள்ள அடிவாயே மதகு. அடிவாயில் செலுத்தும் சிறு மின்னோட்டம், அதனைப் போல் ஐம்பது மடங்கோ நூறு மடங்கோ பெரிய மின்னோட்டத்தை ஏற்பானில் ஆட்டிவைக்கிறது. சிற்றோட்டம் எவ்வாறு ஏறி இறங்குகிறதோ, பேரோட்டமும் அவ்வாறே ஏறி இறங்குகிறது. மெல்லிய குரலின் பெரிய படி கிடைத்துவிடுகிறது.

இங்கே ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். டிரான்சிஸ்டர் புதிதாக ஆற்றலைப் படைப்பதில்லை. ஏரியில் நீர் இல்லையேல் மதகால் என்ன பயன்? ஆற்றல் மின்கலத்துடையது, அதற்கு வடிவம் கொடுப்பதே டிரான்சிஸ்டரின் வேலை. சூடேற்ற இழையில்லை, வெற்றிடம் தேவையில்லை, திருகியவுடன் பாடும், சில வோல்ட் போதும். மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

சட்டைப்பைக்குள் ஒரு பாடகர்

விற்பனைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் வானொலி, 1954 அக்டோபரில் அமெரிக்காவில் அறிவிக்கப்பெற்ற ரீஜென்சி டிஆர்-1. விலை 49.95 டாலர். அதிலிருந்தவை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் வழங்கிய நான்கே ஜெர்மானிய டிரான்சிஸ்டர்கள். அந்நான்கின் பணியைப் பார்த்தால் வானொலிப் பெட்டியின் உட்புறம் முழுதும் விளங்கிவிடும். முதலாவது, நாம் தேர்ந்த நிலையத்தின் அலை எதுவாயினும் அதனைப் பெட்டிக்கென வகுத்த ஒரே இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றுகிறது. அடுத்த இரண்டும் அவ்வதிர்வெண்ணைப் பெருக்குகின்றன. பின்னர் ஒரு டையோடு, பழைய கல்லின் வேலையைச் செய்து, குரலைப் பிரித்தெடுக்கிறது. நான்காவது டிரான்சிஸ்டர் அக்குரலைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. எல்லா நிலையங்களையும் ஓர் அதிர்வெண்ணுக்குக் கொணரும் இவ்வுத்தி, 1918இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் வகுத்தது.

ஆயினும், இச்சிறு பெட்டியை உலகப் பொருளாக்கிய பெருமை போரில் நொறுங்கிய ஜப்பானைச் சேரும். 1946இல் மசாரு இபூக்காவும் அக்கியோ மொரித்தாவும் தோக்கியோவில் தொடங்கிய சிறு நிறுவனம், 1953இல் டிரான்சிஸ்டர் செய்யும் உரிமத்தை அமெரிக்காவிடமிருந்து விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அந்நியச் செலாவணி அனுமதிக்காக ஜப்பானிய அரசிடமே அது காத்துக்கிடக்க நேர்ந்தது. 1955இல் அதன் முதல் டிரான்சிஸ்டர் வானொலியான டிஆர்-55 வெளிவந்தது. 1957இல் ஆறு டிரான்சிஸ்டர்கள் கொண்ட டிஆர்-63 கடல் கடந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் வானொலி என்று விளம்பரம். ஆனால், பெட்டி வழக்கமான பையைவிடச் சற்றே பெரிது. பெட்டியைச் சுருக்க இயலவில்லை. எனவே விற்பனையாளரின் சட்டைப்பையைப் பெரிதாகத் தைத்துக்கொண்டதாக மொரித்தாவே பின்னாளில் எழுதியுள்ளார். 1958இல் அந்நிறுவனம் சோனி என்று பெயர் மாற்றம் பெற்றது.

தொடக்கப் பெட்டிகளின் ஜெர்மானியம் வெப்பத்தைத் தாங்காது. சூடு ஏற ஏற அதனுள் வேண்டாத மின்னோட்டம் கசியும். சிலிக்கான் அதனினும் வெப்பத்தைப் பொறுக்கும். மணலிலேயே நிறைந்து கிடக்கும் தனிமம் அது. எனவே 1960களில் சிலிக்கான் மெல்ல மெல்ல ஜெர்மானியத்தை வென்றது. எனினும், குரலைப் பிரிக்கும் டையோடு மட்டும் பல பெட்டிகளில் நெடுநாள் ஜெர்மானியமாகவே இருந்தது. மிகச் சிறிய மின்னழுத்தத்திலேயே அதன் கதவு திறந்துகொள்ளும் என்பதே காரணம்.

கேட்டவரும் செய்தவரும்

1960களில் விலை குறையக் குறைய, ஜப்பானியச் சிறு பெட்டிகள் நம் தோட்டங்களுக்கும் வந்தன. லயத்துக்கு மின்கம்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் மின்கலங்களே போதும். தமிழ்ப் பகுதியின் பாடலும் செய்தியும் நாடகமும் பால்மரக் காட்டின் நடுவே வீட்டுக்குள் ஒலித்தன. உலகைச் செவியுற எவருடைய தயவும் வேண்டாத நிலை உருவாயிற்று. துரையின் பங்களாவிலும் தொழிலாளியின் வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி கேட்டது. இதனைச் சிறிய மாற்றம் என்று கூறுவதற்கில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. 1958இல் ஜாக் கில்பியும், 1959இல் ராபர்ட் நாய்சும், ஒரே படிகத்தில் பல உறுப்புகளை ஒன்றாய் அமைக்கும் வழியைத் தனித்தனியே கண்டனர். அவ்வொருங்கிணைந்த சில்லுகளைப் பொருத்தும் ஆலைகள் 1960களின் இறுதியில் சிங்கப்பூருக்கும், 1970களின் தொடக்கத்தில் பினாங்குக்கும் வந்தன. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் சுதந்திர வணிக வட்டாரம் அமைந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அதே ஆண்டில் அங்கு நிறுவியது. கம்பத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் நுண்ணோக்கியில் கண்களைப் பதித்து, மயிரிழையினும் மெல்லிய தங்கக் கம்பிகளைச் சிலிக்கான் துண்டுகளில் பொருத்தினர். 1947இல் பிராட்டெயின் தம் கையால் ஒருமுறை செய்த பொருத்தத்தை, இவர்கள் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் செய்தனர். கண் களைத்தது, குடும்பம் நிமிர்ந்தது.

முதல் தலைமுறை அப்பெட்டியைக் கேட்டது. அடுத்த தலைமுறை அதன் உறுப்பைத் தன் கையாலேயே செய்தது. இவ்விரண்டுக்கும் இடையே ஒன்று விடுபட்டுப் போயிற்று, அது அறிதல். நாம் கேட்ட பாட்டு எவ்வாறு வந்தது என்றும் கேட்கவில்லை. நாம் பொருத்திய கம்பி எதற்கு என்றும் பலர்க்குச் சொல்லித்தரப்படவில்லை. கல் வானொலியின் வரலாறு நமக்கு இங்கே ஒரு பாடம் சொல்கிறது. பயன்படுத்தியவர்கள் இருந்தும், அதனைப் புரிந்துகொண்டவர் இல்லாமையால், கல் பல ஆண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டது. அதன் உட்பொருளை அறிந்த நாளில்தான் அது மீண்டும் பாடியது.

பழைய டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கக்கூடும். மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அதன் பின்மூடியைத் திறந்து, உங்கள் பிள்ளையிடம் காட்டுங்கள். மூன்று கால்களோடு நிற்கும் சிற்றுறுப்பைச் சுட்டி, "இதன் பெயரால்தான் உன் பாட்டனார் இப்பெட்டியை அழைத்தார்" என்று சொல்லுங்கள். அது என்ன செய்கிறது என்று பிள்ளை கேட்கும். அப்போது மதகையும் வாய்க்காலையும் சொல்லத் தொடங்குங்கள்.